வாசலுக்கு வரும் குதிரைத் தலை

நவம்பர் 3, ஞாயிறு

இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கணவர் எமிருக்கு வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரியும். மகள் நெஸ்டா என்னோடு நாகர்கோவில் தமிழில் வாயடிப்பாள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. அதனால் இந்த நோட்டைச் சமையல் மேடையிலேயே போட்டு வைக்கலாம். ஒளித்து வைக்கும் வேலை மிச்சம்.

ஒஹையோவுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எமிர் வேல்ஸில் வேலை பார்த்த உருக்காலையில் உலையை நிறுத்திவிட்டார்கள். இங்கே ஓர் ஆலையில் கூப்பிட்டார்கள், வந்துவிட்டோம். புறப்படுவதற்கு முந்தின வாரம்தான் மாமனாரை அடக்கம் செய்தோம். பெட்டி கட்டுகிற அவசரத்தில் எமிர் அழவே இல்லை. நான் அங்கே பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். இங்கே உரிமம் வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிறேன்.

இன்று மூவரும் காலாற நடக்கப் போனோம். தெருவில் நடைபாதை கிடையாது, நடக்கிற ஆளும் கிடையாது. ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. உங்கள் கார் ரிப்பேராகிவிட்டதா என்று ஓர் அம்மாள் கேட்டார். சும்மா நடக்கிறோம் என்றார் எமிர். எங்கே என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றார் எமிர். நாங்கள் வீட்டுக்குள் நுழையும்வரை அந்தக் கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. உதவி செய்ய நினைத்திருப்பார் என்கிறார் எமிர். எனக்கு முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

தமிழில் எழுதும்போது அவருக்கு மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நேரில் நான் திட்டுகிற திட்டுக்கு இது ஈடாக இருக்கட்டும்.

நவம்பர் 9, சனி

புது இடத்தில் அக்கம்பக்கம் பழக வேண்டுமே என்று முந்திரிக்கொத்து சுட்டேன். தட்டில் வைத்து வலப்பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. மணிக்குள்ளிருந்து ஒரு குரல், யார், என்ன வேண்டும் என்றது. பலகாரம் என்றேன். வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்றது. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். மணியிலேயே கேமரா, மணியிலேயே பேச்சு.

சாயங்காலம் தெருக்காரர்களின் போன் குழுவில் என் படம் வந்திருந்தது. தட்டும் கையுமாக நிற்கிறேன். “இந்தப் பெண் யார்? யாருக்காவது தெரியுமா?” என்று கீழே எழுதியிருந்தார்கள். எமிர் பதில் போட்டார். அதன் பிறகு ஒருவர் கட்டைவிரல் காட்டினார்.

எதிர்வீட்டு ஹார்லன் மட்டும் நேரில் வந்தார். எழுபது வயதிருக்கும், தனியாள். இலை அள்ளிப் போடக் காகிதப் பைகள் கொடுத்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார். ஆனால் இடுப்பில் ஒரு துப்பாக்கி, சாவிக்கொத்துபோலச் சாதாரணமாகத் தொங்குகிறது. நான் நன்றி சொன்னது அவர் முகத்துக்கா, அதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

நெஸ்டா பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “இன்னைக்கு கிளாஸ்ல ஒளிஞ்சிருந்தோம்மா. டீச்சர் லைட்டெல்லாம் அணைச்சாங்க. துப்பாக்கிக்காரன் வந்தா எப்பிடி இருக்கணும்னு பழக்கினாங்க. எனக்கு இருமல் வந்துது. பக்கத்துல இருந்த பையன் எனக்க வாயப் பொத்தினான்.”

அவளுக்கு ஒன்பது வயது. பிஸ்கட் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

எமிரிடம் சொன்னேன். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனார். வேலை அலுப்பு.

நவம்பர் 28, வியாழன்

இவர்களுக்கு நன்றி செலுத்தும் பண்டிகை விடுமுறை, வீட்டுக்கு வீடு வான்கோழி. வான்கோழியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. உறையவைத்த மரச்சீனிக் கிழங்கை அவித்து மீன் குழம்பு வைத்தேன். புகைமணி அலறி ஊரைக் கூட்டியது. முன்பெல்லாம் இதற்கு எமிர் விழுந்து விழுந்து சிரிப்பார். இன்று நாற்காலி போட்டு ஏறி மணியை நிறுத்திவிட்டு இறங்கினார், அவ்வளவுதான்.

சாப்பிட்டதும் கராஜுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். பாட்டுக் கேட்கிறாராம். கதவைத் திறந்து பார்த்தேன், பாட்டு ஒன்றும் ஓடவில்லை. டீ கொடுத்து நெஸ்டாவை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். பிறகு அனுப்ப வேறொன்றும் இல்லாமல் ஒரு ஆரஞ்சுப் பழம்.

டிசம்பர் 2, திங்கள்

காரின் சாவியை என் ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொள்கிறேன். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது கொடுத்தால் போதும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தொலைந்துவிடக் கூடாதே என்றுதான்.

டிசம்பர் 7, சனி

வேல்ஸிலிருந்து பெரிய பார்சல் வந்தது. எமிர் வீட்டில் இல்லை. சமையலறைச் சாமானாக இருக்கும் என்று பிரித்தேன். உள்ளே ஒரு குதிரையின் மண்டையோடு. பல் வரிசை முழுசாக இருந்தது. கண் இருந்த இடத்தில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. நான் போட்ட சத்தத்தில் நெஸ்டா மாடியிலிருந்து ஓடி வந்தாள். எத்தனையோ பிணத்தைத் துடைத்து அனுப்பியவள் நான், இதைத் தொட எனக்குத் துணிவில்லை.

எமிர் வந்து சொன்னார். அவர் ஊரில் பழைய கணக்குப்படி ஜனவரி பதிமூன்றுதான் புது வருடம். அப்போது மாரி லூயிட் என்று ஒன்று கிளம்பும். குதிரை மண்டையைக் கம்பில் செருகி, கண்ணுக்குப் பச்சைப் பாட்டிலின் அடிப்பாகம் பதித்து, வெள்ளைத் துணி போர்த்தி, துணிக்குள் ஓர் ஆள் நின்று தாடையை டக் டக் என்று அடிப்பார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே விடு என்று பாட வேண்டும். உள்ளே இருப்பவர் விடமாட்டேன் என்று பதிலுக்குப் பாட வேண்டும். யார் பாட்டு ஓய்கிறதோ அவர் தோற்றார். மாரி ஜெயித்தால் உள்ளே வந்து தின்னும், குடிக்கும். அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க நல்லது நடக்கும். அவர் ஊரில் துணிக்குள் நின்றவர் என் மாமனார்.

“இந்த வருஷம் அது நின்னு போச்சு. தூக்க ஆளில்ல,” என்றார்.

இங்கே எந்தக் கதவைத் தட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாக் கதவையும் என்றார். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சோறு கேட்டார். அவர் இரண்டாம் தடவை கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

தங்கச்சி ஷெர்லின் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தாள். எல்லாம் சொன்னேன். மாரி என்றதும் அம்மனா என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி, வழி தெரியாமல் மணி அடித்தவரைக்கூடச் சுட்டிருக்கிறார்கள், இவர் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டில் போய் நிற்கப் போகிறார் என்றேன்.

“எக்கா, நீ எல்லாத்துக்கும் பேடிக்காத. ஆடுத மனுசன ஆட விடு. அத்தான் சிரிச்சி எத்தன நாளாச்சின்னு நீதானே சொன்னா,” என்றாள்.

அவளிடம் அப்படி எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை.

டிசம்பர் 14, சனி

தாடைக்கு ஸ்பிரிங் வைக்க ஹார்லனிடம் சாமான் கேட்கப் போனார் எமிர். ஹார்லன் கராஜில் சுவர் நிறையத் துப்பாக்கி மாட்டியிருப்பதாக நெஸ்டா சொன்னாள். நானும் கூடவே போனேன். சுத்தியல் வாங்க இரண்டு பேர் எதற்கு என்று எமிர் கேட்டார். காற்று வாங்க என்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

நெஸ்டா சொன்னது உண்மைதான். ஹார்லன் எமிரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சுத்தியலைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டார். எங்களை உள்ளே விட இஷ்டமில்லைபோலும்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். கோயிலுக்குப் போனோம். நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

மாரி தயார். காதுக்குக் கறுப்புத் துணி, கழுத்தில் மணி, பிடரிக்குச் சிவப்பும் பச்சையுமாக நாடா. போர்வைக்கு என் நல்ல வெள்ளைப் படுக்கைவிரிப்பு பறிபோயிற்று. எமிர் சீட்டியடிக்கிறார். வேலை முடிந்து வந்ததும் கராஜுக்குத்தான் போகிறார், ஆனால் காருக்குள் உட்காருவதில்லை. எனக்கு இந்தக் குதிரையைக் கண்டாலே ஆகாது. எடுத்துக் குப்பையில் போடவும் பயமாக இருக்கிறது.

போகும் வீட்டுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். “சொல்லிட்டுப் போனா அது மாரியே இல்ல, மலர்,” என்றார். ஜெபமலர் என்ற என் பேரில் அவர் வாய்க்கு வருவது அவ்வளவுதான்.

ஜனவரி 8, புதன்

பொறுக்க முடியவில்லை. அவர் வேலைக்குப் போனதும் குழுவில் நானே எழுதிப் போட்டேன். ஒன்றையும் விடாமல் தெளிவாக எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன். எழுதியது இதுதான்: “வரும் திங்கட்கிழமை இருட்டியதும் உங்கள் வாசலுக்கு ஒரு குதிரைத் தலை வரும். என் கணவர் கொண்டு வருவார். நீங்கள் மறுத்தாலும் அவர் போக மாட்டார். உள்ளே விட்டால் உங்களுக்கு நல்லது. தயவுசெய்து பயப்பட வேண்டாம்.”

மத்தியானத்துக்குள் அறுபது பதில். இது மிரட்டலா என்று கேட்டவர்கள் பாதி. என் வாசலுக்கு வந்து பார்க்கட்டும் என்றவர்கள் மீதி. மறுபடி வாசித்துப் பார்த்தேன். பிணைக்கைதி பிடித்தவன் எழுதியதுபோலத்தான் இருந்தது. விளக்கம் எழுத உட்கார்ந்தால் விரல் ஓடவில்லை.

நாலு மணிக்கு ஒரு பெண் போலீஸ் வந்தார். எமிரும் அப்போதுதான் வந்து இறங்கினார். அவர் மாரியை எடுத்து வந்து தாடையை ஒருமுறை டக்கென்று அடித்துக் காட்டினார். அந்தப் பெண்ணின் கை இடுப்புக்குப் போனது. பிறகு சிரித்தார், மன்னிப்பும் கேட்டார். இங்கே மக்கள் எதற்கெடுத்தாலும் பதறுவார்கள், வீடு வீடாகப் போகாமல் இருந்தால் நல்லது என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எமிர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாரியைச் சுவரோரமாகத் திருப்பி நிறுத்தினார். நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

ஜனவரி 9, வியாழன்

மறுபடி காரில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 11, சனி

நெஸ்டாவை அனுப்பினேன். அப்பா பேசவில்லை என்று திரும்பி வந்தாள். அவளோடு நானும் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். யாரும் எங்கேயும் போகாத காரில் மூன்று பேர். பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும்போல இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

எமிர் வந்ததும், நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன், ஹார்லன் வீட்டுக்கு மட்டுமாவது போகலாம் என்றேன். ஹார்லன் அந்தக் குழுவிலேயே இல்லை. வேண்டாம் என்றார் எமிர். விட்டுவிடு என்றார். அந்த “விட்டுவிடு” எனக்குப் பிடிக்கவில்லை. வார்டில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

நான் கராஜுக்குப் போனேன். இதுவரை விரலால்கூடத் தொடாத அந்த மண்டையைக் கம்போடு தூக்கினேன். நல்ல கனம். விரிப்பைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒன்றும் தெரியவில்லை, என் கால் மட்டும் தெரிந்தது. நெஸ்டா முன்னால் மணியை ஆட்டிக்கொண்டு, “அம்மா, இடப்பக்கம், இடப்பக்கம்,” என்று வழி சொன்னாள். தாடைக் கயிற்றை இழுத்தேன், வாய் திறந்தது, மூட மறுத்தது. எந்த ஜன்னலிலிருந்து எது வரும் என்று காத்துக்கொண்டே நடந்தேன்.

பின்னால் வீட்டுச்செருப்பின் சத்தம். “அப்படிப் பிடிக்கக் கூடாது. அது கொட்டாவி விடுது,” என்று எமிர் விரிப்புக்குள் நுழைந்தார். கம்பை வாங்கிக்கொண்டார். நான் வெளியே வரவில்லை. சுட்டால் இரண்டு பேரையும் சேர்த்துச் சுடட்டும் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹார்லன் வீட்டு மணியை நெஸ்டா அடித்தாள். கதவு திறக்கவில்லை. மணி பேசியது. “யாரது?”

எமிர் பாடினார். சொந்தமாகக் கட்டிய பாட்டு, வேல்ஸ் மொழியில். பதினான்கு வருடத்தில் என் காதுக்கு அது பழகியிருந்தது. பனியில் வந்திருக்கிறோம், காலில் நல்ல செருப்பில்லை, கதவைத் திற என்று அர்த்தம். அதையே ஆங்கிலத்திலும் பாடினார்.

“இங்க ஒண்ணுமில்ல,” என்றது மணி.

ஒன்றுமில்லாத வீட்டில் விளக்கெதற்கு என்று எமிர் பாடினார்.

“டிவி பாக்க.”

டிவியில் வரும் குதிரை உன்னோடு பேசுமா என்று பாடினார். விரிப்புக்குள் அவர் உடம்பு சூடேறுவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஊரிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். இந்தத் தெருவே ஆண்டு முழுதும் மாரிக்கு எதிர்ப்பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

“எனக்குப் பாட வராது,” என்றார் ஹார்லன். வராதவர் தோற்றவர் என்று எமிர் முடித்தார்.

தாழ்ப்பாள் விலகியது. விரிப்பின் கீழே எனக்கு ஹார்லனின் இடுப்புவரை தெரிந்தது. பெல்ட் மட்டும்தான் இருந்தது, அதில் ஒன்றும் தொங்கவில்லை.

உள்ளே பாலாடைக்கட்டியும் பீரும் கொடுத்தார். நெஸ்டா மாரிக்கு ஊட்டினாள். எமிர் விரிப்பைக் கழற்றிவிட்டு, தன் அப்பா ஒரு வருடம் பாதிரியார் வீட்டு வாசலில் தோற்றுப்போன கதையை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். மண்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நெஸ்டா அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஹார்லன் என்னைச் சமையலறைக்கு அழைத்தார்.

“இப்ப எப்படி இருக்கார்?”

நன்றாகப் பாடினாரே என்றேன்.

“பாட்டக் கேக்கல. கராஜ் கதவு திறக்கிறப்பல்லாம் கார்ல ஒருத்தர் அசையாம உக்காந்திருக்காரே. அவரக் கேக்குறேன்.”

நான் குழாயைத் திறந்து கழுவின தம்ளரையே மறுபடி கழுவினேன். அவர் சொன்னார்: “என் வீட்டுல இருந்த துப்பாக்கி எல்லாத்தையும் போன மாசமே என் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். இவர் வந்து போற இடம். இங்க அது இருக்க வேண்டாம்னு பட்டுது.”

இந்த மனிதர் கையால் என் கணவர் சாவார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். இவரோ என் கணவர் தன் கையாலேயே சாகாமல் இருக்க வீட்டைக் காலி செய்து வைத்திருக்கிறார். நான் எழுதக்கூடப் பயந்ததை இவர் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

நெஸ்டாவைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். எமிர் இன்று வேலைக்குப் போகவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சுற்றி வளைக்காமல் நேராகக் கேள் என்றுதான் நர்ஸ் படிப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரைக் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“எமிர், செத்துப்போயிரணும்னு உங்களுக்குத் தோணுதா?”

கத்தியைக் கீழே வைத்தார். “ஆமா,” என்றார். “அப்பா போனதுலேருந்து. தினமும் இல்ல. நேத்து இல்ல.”

நான் அழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இன்றைக்கே வரச் சொன்னாள். அவசரத்துக்குக் கூப்பிட இன்னொரு எண்ணும் கொடுத்தாள். குறித்துக்கொண்டேன். ஹார்லன் காரை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

“எனக்கு பயமா இருக்கு, மலர்,” என்றார் எமிர். வேல்ஸிலிருந்து வந்த பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை இன்றுதான் கேட்கிறேன்.

எனக்கும்தான் என்றேன்.

“டாக்டர் ரூமுக்குள்ள நீயும் வருவியா?”

வருகிறேன் என்றேன். கோட்டு போட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே ஹார்லனின் ஹாரன் கேட்கிறது.